மயில்கழுத்து நூல்

குழந்தைகள் வார்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஒரேகுத்து சிஸ்டர். ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதியதும் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரேகுத்து சிஸ்டர் இன்னைக்கு டூட்டியில இருக்காங்களா?" என்பதுதான். பிறந்து இரண்டு நாளான பிள்ளையின் கையில் நரம்பு நூலிழை மாதிரி இருக்கும், கண்ணில் அகப்படாது. அவள் கண்ணால் தேடவும் மாட்டாள். இடது கை ஆள்காட்டி விரலின் நுனியைப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் வைத்து, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். பிறகு வலது கை ஊசியை நகர்த்தும். பிள்ளை வாயைக் கோணிக்கொண்டு அழலாமா என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து ஒட்டியாகிவிடும்.

அவளுடைய தம்பி ஓர் அச்சகத்தில் பைண்டர். எட்டு வயது சின்னவன். பெற்றவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட, இவனைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, பெண் பார்த்துக் கட்டி வைத்தது அக்காதான். தனக்கு வந்த இரண்டு வரன்களை, "இவனை ஒரு ஆளாக்கிட்டுப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டாள். அவன் ஆளானபோது வரன்கள் நின்றுபோயிருந்தன. அதைப் பற்றி அவள் புலம்பி யாரும் கேட்டதில்லை. தம்பி, தம்பி மனைவி, அக்கா மூவரும் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். முன்னறை, அடுக்களை, இரண்டு படுக்கையறை. பின்பக்கம் கம்பி போட்ட சிறிய பால்கனி.

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு வில் பிடிக்கும் பைத்தியம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சங்கத்தார் மரவில்லில் அம்பு எய்து பழகுவார்கள். ஒரு முறை முதலுதவிப் பெட்டியோடு உட்கார ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். போனாள். பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போரடித்து, "நான் ஒண்ணு விட்டுப் பார்க்கட்டா மாஸ்டர்?" என்று கேட்டாள். மாஸ்டர் என்பவர் ரிட்டயரான டிரில் வாத்தியார். அந்தச் சங்கத்துக்கு எல்லாமே அவர்தான். அன்றைக்கு அவள் விட்ட அம்பு வைக்கோல் பலகைக்குப் பத்தடி முன்னாலேயே மண்ணில் குத்தி நின்றது. அடுத்த ஞாயிறு பெட்டி இல்லாமல் வந்தாள்.

கடையில் கிடைத்த அம்புகள் அவளுடைய கை நீளத்துக்குச் சரிப்படவில்லை. "நான் செஞ்சு தர்றேன்கா. நூலும் பசையும்தானே, எனக்குத் தெரியாததா?" என்று தம்பி முன்வந்தான். அவனுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை. மெல்லிய மரத்தண்டை உப்புத்தாளால் தேய்ப்பான். பின்முனைக்குச் சற்று முன்னால் மூன்று இறகுகளைப் பசை போட்டு ஒட்டுவான். கடைசியாக, இறகின் முன்முனை தண்டோடு சேரும் இடத்தில் அரை அங்குலத்துக்கு நெருக்கமாக நூல் சுற்றி, நூலின் மேல் பசை தடவி முடிப்பான். இந்தச் சுற்றைத்தான் மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவர்களுடைய வில்லில் அம்புக்குத் தனியாக இருக்கை கிடையாது. வில் பிடித்த கையின் ஆள்காட்டி விரல் முட்டியின் மேலேயே அம்பு கிடக்கும், அதை உரசிக்கொண்டே பாயும். இறகின் முன்முனை தண்டை விட்டு எழும்பியிருந்தால் அது முள்ளாக மாறிக் கையைக் கிழித்துவிடும்.

"நூல் சுத்துறது அழகுக்கு இல்லை. கைக்குக் காவல்" என்பார் மாஸ்டர். "ஒவ்வொரு தடவையும் அம்பை நாண்ல ஏத்துறதுக்கு முன்னாடி அந்தச் சுத்தை விரலால தடவிப் பார்க்கணும். அவசரப்படுறவங்க வீட்டுக்குப் போயி கோலி விளையாடுங்க."

மூன்று வருடம் அப்படியே நடந்தது. சங்கத்தில் மற்றவர்களும் அவனிடமே அம்பு செய்து வாங்கினார்கள். அவன் பைண்டிங் நூலையே பிரித்து மெல்லிசாக்கிச் சுற்றினான். பருத்தி நூல் பசையைத் தாகத்தோடு குடிக்கும். காய்ந்ததும் மரமும் நூலும் ஒன்றாகிவிடும். பார்க்கச் சாயம் போன சாக்குக் கயிறு மாதிரி இருந்தாலும், ஒரு சுற்றுகூட நழுவியதில்லை.

அந்த வருடம் சங்கத்தின் பெரிய போட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் வருவதாக இருந்தது. பத்து நாள் முன்னால் அக்கா ஒரு பழைய ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். நீலமும் பச்சையும் கலந்து மின்னியது.

"டேய், இந்தத் தடவை புதுசா பன்னிரண்டு அம்பு வேணும். நூலு இந்தக் கலர்ல போடு. மயில்கழுத்து."

"நூலுக்கு என்னக்கா கலரு? சாக்கு நூலு போதாதா?"

"போன வருஷம் ஒரு பொம்பளை என் அம்பைப் பார்த்துட்டு, 'இது என்ன, மூட்டை தைக்கிறதா?'ன்னு கேட்டா. நான் வாழ்க்கையில எதுக்காவது ஆசைப்பட்டுக் கேட்டிருக்கேனாடா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது உண்மை என்பது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

தையல் சாமான் கடையில் நூல்கண்டுகள் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். கடைக்காரம்மா ரவிக்கைத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பருத்தியில இந்தக் கலரு வராதுப்பா. பட்டு நூல்ல வரும், ஆனா அடுத்த வாரம்தான் லோடு. இப்போ வேணும்னா இது இருக்கு, எம்பிராய்டரி நைலான்." பளபளவென்று ஒரு கண்டை எடுத்து வைத்தாள். ரவிக்கையின் நிறம் அச்சாக இருந்தது.

"இது பசை பிடிக்குமா?"

"நான் துணி தைக்கிறவங்களுக்கு விக்கிறேன். பசை போட்டு யாரும் தைக்க மாட்டாங்களே" என்று சிரித்தாள்.

அவன் கண்டை விரலில் உருட்டிப் பார்த்தான். வழுக்கியது. பைண்டிங் வேலை தெரிந்த கை. வழுக்குகிற நூலைப் பசை பிடிக்காது என்பது அதற்கு உடனே தெரிந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டான்.

அச்சகத்தில் அந்த வாரம் பாடப்புத்தக வேலை கழுத்தை நெரித்தது. ஐந்து நாள் அம்புப் பக்கமே போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் நூல் சுற்றினான். வழக்கமான வெள்ளைப் பசையைத் தடவினால், எண்ணெய்த் தட்டில் தண்ணீர் தெளித்த மாதிரி நூலின் மேல் முத்து முத்தாக நின்றது. துடைத்துவிட்டு வஜ்ஜிரம் காய்ச்சினான். தோலைக் காய்ச்சி எடுக்கிற அந்தப் பழைய பசை அட்டையில் போட்டால் ஆயுசுக்கும் விடாது. அதுவும் இந்த நூலுக்குள் இறங்கவில்லை. மேலே ஒரு தோல் மாதிரி படிந்தது. சனிக்கிழமை காலையில் காய்ந்த பிறகு ஒவ்வொன்றாக நகத்தால் தள்ளிப் பார்த்தான். பதினொன்று நின்றன. ஒன்று மட்டும் மோதிரம் மாதிரி மெல்ல நகர்ந்தது.

அதைப் பிரித்துச் சாக்கு நூலால் சுற்றியிருக்கலாம். பன்னிரண்டில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அக்கா முகம் சுருங்கும். அச்சக வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு சூப்பர் குளூவை அதன் ஓரத்தில் வைத்தான். நொடியில் இறுகியது. இன்னொரு முறை நகத்தால் தள்ளிப் பார்க்கவில்லை. பன்னிரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டு வண்டியில் ஏறிப் போனான்.

அக்கா அந்த அம்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மைதானத்தில் முதல் ஆறு அம்புகளுக்கு நல்ல புள்ளிகள். அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். தம்பி வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் கர்ப்பிணி மனைவியோடு நின்று கை தட்டினான். ஏழாவது அம்பை அவள் எடுத்தபோது யாரோ அவள் பெயர் சொல்லிக் கத்தினார்கள், திரும்பிச் சிரித்தாள், சிரித்தபடியே அம்பை நாணில் ஏற்றி இழுத்து விட்டாள்.

அம்பு போன சத்தத்தோடு இன்னொரு சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. வில்லைக் கீழே போட்டுவிட்டு இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிட்டாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் இறகின் தண்டு உள்ளே புகுந்து, ஒடிந்து, ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். தம்பியும் ஓடினான். அவள் நின்ற இடத்துக்கு இரண்டு அடி முன்னால், புல்லில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு சின்ன வளையம் கிடப்பதை அவன் பார்த்தான். சுற்று பிரியாமல், முழு வளையமாகவே கழன்று வந்திருந்தது. குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகுதான் அக்காவின் தோளைப் பிடித்தான்.

அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்து சில்லுகளை எடுத்தார்கள். விரலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அறுந்திருந்தது. தைத்தார்கள். "உணர்ச்சி திரும்ப வர ஒரு வருஷம்கூட ஆகலாம், சிஸ்டர். வராமலும் போகலாம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார் டாக்டர். அவளுக்குத் தெரியும்.

மாஸ்டர் பார்க்க வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "தடவிப் பார்த்தியாம்மா, ஏத்துறதுக்கு முன்னாடி?"

"இல்லை மாஸ்டர்."

கட்டில் காலருகே நின்றிருந்த தம்பி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் வரை வந்தது. 'அக்கா வீடு திரும்பட்டும், அப்புறம் சொல்லலாம்' என்று விழுங்கினான். வீடு திரும்பியதும், 'தையல் பிரிக்கட்டும்' என்று தோன்றியது. தையல் பிரித்ததும், 'உணர்ச்சி வந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது' என்று தோன்றியது.

உணர்ச்சி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனவளைக் குழந்தைகள் வார்டிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதித் தரும் ஜன்னல். பெயர், வயது, என்ன தொந்தரவு, எந்த அறை. காலையிலிருந்து மதியம் வரை முந்நூறு பேர். சில தாய்மார்கள் அடையாளம் கண்டு, "சிஸ்டர், நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். "உட்கார்ந்த இடத்துல சம்பளம் தர்றாங்க, கசக்குமா?" என்பாள்.

வீட்டில் மட்டும் அவளுடைய பேச்சு வேறு மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் நிறுத்தி இடது விரலைத் தட்டின் விளிம்பில் தேய்த்துப் பார்ப்பாள். "ஒரு செகண்டு தடவிப் பார்த்திருந்தா போதும். கொழுப்புடா எனக்கு. யாரோ கூப்பிட்டாங்கன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்" என்பாள். தம்பி மனைவி, "விடுங்க அண்ணி, நடந்தது நடந்துபோச்சு" என்பாள். தம்பி, "குழம்பு ஊத்தட்டாக்கா?" என்று கேட்பான். இதே பேச்சு, இதே பதில், வாரத்தில் மூன்று நாளாவது நடந்தது.

அவன் அம்பு செய்வதை விட்டுவிட்டான் என்று வீட்டில் நினைத்தார்கள். விடவில்லை. அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பசை வாளிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டு மரக்குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். பருத்தியில் வெள்ளைப் பசை, பட்டில் வெள்ளைப் பசை, பருத்தியில் வஜ்ஜிரம், பட்டில் வஜ்ஜிரம், நைலானில் எல்லாப் பசையும். காய வைத்து, நகத்தால் தள்ளி, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி தள்ளிப் பார்ப்பான். பட்டில் வஜ்ஜிரம் இரும்பு மாதிரி நின்றது. ஈரம் பட்டால் இளகியது. பருத்தியில் வெள்ளைப் பசையை மூன்று முறை ஊறவிட்டு, மேலே வார்னிஷ் பூசினால் எதற்கும் அசையவில்லை. சூப்பர் குளூ நைலானில் முதலில் பாறையாக இறுகியது. குச்சியை ஒரு முறை மேசையில் தட்டியதும் கண்ணாடி மாதிரிச் சில்லாக உதிர்ந்து, வளையம் நழுவியது. அந்தச் சோதனையை மட்டும் அவன் எத்தனை முறை செய்தானோ, கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வளையம் நழுவியது.

போட்டி நடந்த ஆறாவது மாதம் அவனுக்குப் பெண் பிறந்தது. இரண்டாவது நாளே குழந்தையின் உடம்பு மஞ்சளடித்தது. வெளிச்சப் பெட்டியில் வைத்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு புது நர்ஸ் வந்தாள். வலது கையில் ஒரு குத்து, கிடைக்கவில்லை. இடது கையில் ஒன்று. காலில் ஒன்று. குழந்தை அழுது அழுது சத்தம் அடங்கி, வாய் மட்டும் திறந்திருந்தது. நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"போய் அண்ணியைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி. அவன் அசையவில்லை. "நிக்கிறீங்களே! ஓடுங்க!"

அக்கா ஜன்னலில் வரிசையை அப்படியே விட்டுவிட்டுப் படியேறி வந்தாள். கை கழுவினாள். குழந்தையின் முழங்கை மடிப்பில், பழக்கத்தில், இடது ஆள்காட்டி விரலை வைத்தாள். தலை சாய்ந்தது. சிறிது நேரம் அப்படியே நின்றாள். விரலை எடுத்துவிட்டு நடுவிரலை வைத்தாள். அதை எடுத்துவிட்டு வலது கை விரலை வைத்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலை" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "நான் குத்தினா இதுவும் வீணாப் போயிடும். பெரிய சிஸ்டரை வரச் சொல்லுங்க."

பெரிய சிஸ்டர் வரும்வரை குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய சிஸ்டருக்கு இரண்டாவது முயற்சியில், மொத்தத்தில் ஐந்தாவது குத்தில் கிடைத்தது. குழாயில் ரத்தம் ஏறியதைப் பார்த்த பிறகு அக்கா வெளியே போனாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு படி கீழே போய் நின்றான்.

"உன் புள்ளைக்கு அஞ்சு குத்துடா" என்றாள். "நான் கவனமா இருந்திருந்தா ஒண்ணோட போயிருக்கும். நான் பண்ணின பாவம் அந்தப் பச்சை மண்ணு தலையில விடியுது."

"அக்கா, நீ தடவிப் பார்த்திருந்தாலும்…" என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு சொன்னான். "அந்த அம்புல நூலு நிக்கலைக்கா. எனக்கு முன்னாடியே தெரியும்."

அவள் நிமிர்ந்தாள்.

"எந்த அம்பு?"

"ஏழாவதா நீ எடுத்தது. அந்த நைலான் நூலு பசை பிடிக்கலை. சனிக்கிழமை காலையில நகத்தால தள்ளினேன், நகர்ந்துச்சு. வண்டி நின்னுட்டு இருந்துச்சு. சூப்பர் குளூ ஒரு சொட்டு வெச்சுட்டு விட்டுட்டேன்."

"அதுதான் கழண்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"வளையமாக் கழண்டு புல்லுல கிடந்துச்சு, ஓரத்துல அந்தச் சூப்பர் குளூ ஒட்டியிருந்துச்சு. நான்தான் எடுத்துப் பாக்கெட்ல போட்டேன்."

"எப்போ?"

"நீ மண்டி போட்டிருந்தப்போ."

ஜன்னலில் நின்று ஆட்களிடம் பெயர், வயது கேட்கிற குரலிலேயே அவள் கேட்டாள். அவனும் வரிசையில் நிற்கிறவன் மாதிரியே பதில் சொன்னான்.

"நூலுல தப்பு பண்ணினே, சரி" என்றாள். "அவசரத்துல யாருக்கும் வரும். நானும் தப்பான மருந்தைக் கையில எடுத்து, கடைசி நேரத்துல பார்த்துக் கீழ வெச்சிருக்கேன். கலரு கேட்டதும் நான்தான்."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆனா ஆறு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். நீ எதிர்ல உக்காந்து கேட்டியே. குழம்பு ஊத்தட்டாக்கான்னு கேட்டியே. எப்படிடா முடிஞ்சுது?"

அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, "கீழ வரிசை நிக்குது" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அறை காலியாக இருந்தது. நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஓர் இடம் இருந்தது, அங்கே போய்விட்டாள். வில்லை மட்டும் சுவரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

குழந்தைக்கு மஞ்சள் இறங்கி ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். அவன் மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்டயாவது அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நானும் 'விடுங்க அண்ணி, விடுங்க அண்ணி'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு அவன் மைதானத்துக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னான். அவர் காதுமடல் சிவந்தது. "மிச்சம் பதினொண்ணையும் கொண்டா" என்றார். அவை சங்கத்து அறையில் ஒரு மூலையில்தான் கிடந்தன. எல்லோர் முன்னாலும் மாஸ்டர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். மூன்றாவது நழுவியது. எட்டாவது நழுவியது. பதினொன்றாவதும் நழுவியது. சுற்றி நின்றவர்கள் தங்கள் தங்கள் அம்புக்கூடையில் அவன் செய்து கொடுத்த அம்புகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவை எல்லாம் சாக்கு நூல் சுற்றியவை, ஒன்றும் ஆகாது என்று அவன் சொல்ல நினைத்தான். அதைச் சொல்ல அந்த இடத்தில் அவனுக்கு வாய் இல்லை.

"எல்லாத்தையும் குடுங்க" என்று மட்டும் கேட்டான். "பிரிச்சுப் புதுசா சுத்தித் தர்றேன். மாஸ்டர் பார்த்த பிறகு வெச்சுக்கங்க. பார்க்காம ஒண்ணும் வாங்காதீங்க."

எழுபது அம்புகளுக்கு மேல் இருந்தன. நல்ல சுற்றுகளையும் பிரித்தான். பருத்தி நூல், மூன்று தடவை வெள்ளைப் பசை, ஒவ்வொரு தடவையும் ஒரு முழுநாள் உலர்த்தி, மேலே வார்னிஷ். இரண்டு மாதம் ஆனது. மாஸ்டர் ஒன்றுவிடாமல் தள்ளிப் பார்த்தார். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை, பாராட்டவும் இல்லை. அதன் பிறகு அவனிடம் யாரும் அம்பு கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வருவாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தூங்க வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவன் சாயங்காலம் வந்ததும் பிள்ளையின் தலையில் அக்காவின் சோப்பு வாசனை இருக்கும். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்பான். "உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை" என்பாள் மனைவி. இரண்டு தடவை குவார்ட்டர்ஸ் வாசல்வரை போய்த் திரும்பினான். ஒரு தடவை ஜன்னல் வரிசையில் நின்றான். முறை வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்து, "பேரு?" என்று கேட்டாள். அவன் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டான்.

ஒரு வருடம் போனது. விரல் அப்படியேதான் இருந்தது. சூடு தெரியாமல் ஒருமுறை கொப்புளம் போட்டுக்கொண்டதாக மனைவி சொன்னாள்.

ஒரு புதன்கிழமை மதியம் அச்சகத்தில் பைண்டிங் பகுதியின் கதவருகே யாரோ நின்றார்கள். அவன் பசைக்கையோடு திரும்பிப் பார்த்தான். அக்கா. பின்னால் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் தள்ளுவண்டியில் பெரிய பெரிய பதிவேடுகளை ஏற்றி வந்திருந்தார். முதுகு பிளந்து, தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதைத் தைக்கணுமாம். உங்க முதலாளிகிட்ட ஆர்டர் குடுத்தாச்சு" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. 'டா' இல்லை.

அவன் மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினான். பிறந்த தேதி, தாயின் பெயர், எடை. அவள் கையெழுத்து.

"எந்த நூல்ல தைப்பீங்க?" என்று கேட்டாள்.

அந்த 'ங்க' அவனுக்கு எங்கேயோ போய்க் குத்தியது. "பருத்தி. நாலு இழை. மெழுகு போடாம. முதுகுல மைதா பசை, அதுக்கு மேல துணி."

"பிரியாதா?"

பிரியாது என்று சொல்லத்தான் வாய் போனது. பன்னிரண்டு வருடமாக வருகிறவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். "தெரியலைக்கா" என்றான். "பிரியக் கூடாது. ஒண்ணு தைச்சுத் தர்றேன், இழுத்துப் பாரு."

ஊழியர் வண்டியைக் காலி செய்துவிட்டுப் போனார். அவள் போகவில்லை. தாள் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அவன் தாள்களைத் தட்டி ஒழுங்கு பண்ணி, துளை போட்டு, ஊசியில் நூல் கோத்தான். அரை மணி நேரம் தைத்தான். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்ததும் பதிவேட்டை அவளிடம் நீட்டினான். அவள் நடுப்பக்கத்தைத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நூல் விறைத்தது. அறுபடவில்லை. இன்னொரு பக்கத்தைத் திறந்து மறுபடி இழுத்தாள். எத்தனை தடவை இழுத்தாள் என்று அவன் எண்ணவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னால இன்னும் முடியலை" என்றாள்.

"தெரியும்கா."

"உன்னைப் பார்த்தாலே அந்த மைதானம்தான் ஞாபகம் வருது. அதுக்கு முன்னாடி உன்னை வளர்த்ததெல்லாம் ஞாபகம் வர மாட்டேங்குது. அதுதான் எனக்கு ஆத்திரம்."

அவன் ஊசியை மேசையில் குத்தி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அவள் எழுந்தாள். மிச்சப் பதிவேடுகளை விரலால் எண்ணினாள். "இருபத்திரண்டு இருக்கு. அவசரம் இல்லை. பசை நல்லாக் காயட்டும்." கதவுவரை போய், திரும்பாமலே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை குட்டிக்குத் தடுப்பூசி. உன் பொண்டாட்டியை அனுப்பாதே. நீ தூக்கிட்டு வா. ஜன்னல்ல நான் இருப்பேன், சீட்டு எழுதித் தர்றேன்."

அவள் அந்த வீட்டுக்கு மறுபடி குடிவரவில்லை. வில்லை எடுக்கவும் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். முறை வந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்காமலே பேனாவைத் திறந்து, பெயர் கேட்காமல், தானே எழுதினாள்.